யார் தந்த முகம்?

பொம்மைகள் நான்கு. வார்த்தெடுத்த அச்சு ஒன்று, அளவும் ஒன்று. வேறுபாடெல்லாம் நிறத்தில்தான். இரண்டு பொம்மைகள் வெள்ளை நிறம், மஞ்சள் முடி. மற்ற இரண்டும் பழுப்பு நிறம், கரிய முடி. அமெரிக்க நாட்டு உளநூல் அறிஞர் கென்னத் கிளார்க்கும் அவர் துணைவியார் மேமி கிளார்க்கும், மூன்று வயது முதல் ஏழு வயது வரையிலான கறுப்பினக் குழந்தைகள் 253 பேரிடம் இந்தப் பொம்மைகளைக் காட்டிக் கேள்விகள் கேட்டனர். “விளையாட உனக்குப் பிடித்த பொம்மையை எடுத்துக் கொடு” என்றனர். நூற்றுக்கு 67 குழந்தைகள் வெள்ளைப் பொம்மையை எடுத்துக் கொடுத்தனர். “நல்ல பொம்மை எது?” என்றனர். நூற்றுக்கு 59 குழந்தைகளின் கை வெள்ளையின் பக்கமே நீண்டது. “பார்க்கக் கெட்டதாக இருப்பது எது?” என்றனர். இம்முறையும் கணக்கு 59 தான். ஆனால் சுட்டிக் காட்டப்பட்டது பழுப்புப் பொம்மை!

பிறகு வந்தது மற்றொரு கேள்வி: “உன்னைப் போலிருக்கும் பொம்மை எது?”

நூற்றுக்கு 66 குழந்தைகள் பழுப்பைத் தொட்டனர். 33 பேர் வெள்ளையையே தம் சாயல் என்றனர். சற்று முன்பு ‘கெட்டது’ என்று எந்தப் பொம்மையை ஒதுக்கினரோ, அதையே ‘இதுதான் நான்’ என்று எடுத்துத் தர வேண்டிய நிலை பலருக்கு. இக்கேள்வி வந்ததும் தேறுதல் சொல்ல இயலாத அழுகையுடன் அறையை விட்டு ஓடிய குழந்தைகளும் உண்டு. 1947 இல் வெளிவந்த அந்த ஆய்வுரையில் இதையும் பதிந்து வைத்துள்ளனர் கிளார்க் இணையர்.

மூன்று வயதுக் குழந்தைக்கு அடிமை வாணிபத்தின் வரலாறு தெரியுமா? 1863 இல் லிங்கன் விடுத்த விடுதலை அறிவிப்பு தெரியுமா? அதற்குப் பின்னும் விடுதலை வந்து சேராத வேதனைதான் தெரியுமா? எண்ணும் எழுத்தும் அறியாத பருவம். ‘நீ தாழ்ந்தவள்’ என்று அந்தக் குழந்தையை உட்கார வைத்துப் பாடம் நடத்தியவர் எவரும் இல்லை. ஆயினும் பாடம் ஏறியிருக்கிறது; உள்ளத்தில் ஊறியிருக்கிறது. எவரும் நடத்தாத பாடத்தை எல்லாரும் சேர்ந்து நடத்தியிருக்கின்றனர்!

‘நான்’ என்கிறோம், நாளொன்றுக்கு நூறு முறை. அந்த ‘நான்’ எங்கிருந்து வந்தது? கூடவே பிறந்ததா, கொடுக்கப்பட்டதா? கொடுக்கப்பட்டது என்றால், கொடுத்தவர் யார்? வேண்டாம் என்று திருப்பித் தர வழி உண்டா? தத்துவ வாணர்கள் திண்ணையில் அமர்ந்து பொழுது போக்கப் பேசும் கேள்வி என்று இதைத் தள்ளிவிட வேண்டாம், தோழர்களே! வயலில், வகுப்பறையில், அலுவலகத்தில், மணப்பந்தலில், ஒவ்வொரு நாளும் இக்கேள்விக்கு யாரோ ஒருவர் விடை தந்து கொண்டிருக்கிறார். அந்த விடையின் சுமையை வேறு யாரோ ஒருவர் சுமந்து கொண்டிருக்கிறார்.

விடையைத் தயாராக மடியில் வைத்திருப்போர் இரு சாரார். ஒரு சாரார் பழமையின் காவலர். உள்ளே ஆன்மா என்றொரு பொருள் உண்டு; அது மாறாதது; முன்வினைக்கு ஏற்ப உடலெடுக்கிறது; மேல் கீழ் என்பதெல்லாம் அந்தக் கணக்கின் வரவு செலவு என்பர். மற்றொரு சாரார் புதுமைச் சட்டை போட்டவர். ஆன்மா, வினை என்று பேசமாட்டார்கள். ‘அவனவன் குணம், அவனவன் திறமை, திறமையுள்ளவன் தானே உயர்கிறான், உயராதவனிடம் சரக்கு இல்லை’ என்பர். முன்னவர் கையில் பஞ்சாங்கம், பின்னவர் கையில் மதிப்பெண் பட்டியல். பார்வைக்கு வேறு வேறு. உள்ளே இருப்பது ஒரே எண்ணம். மனிதன் முழுமையாகவே வந்து இறங்குகிறான். அவனை ஆக்கியதில் சுற்றியிருப்போருக்குப் பங்கில்லை என்பதே அந்த எண்ணம். பங்கில்லை என்றால் பழியும் இல்லை அல்லவா! ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்.

இந்த எண்ணத்துக்கு மறுப்பு மேல்நாட்டிலிருந்துதான் வந்தது என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். நிலைத்த ஆன்மா என்று ஒன்று இல்லை என்று உரைத்தவர் புத்தர். மிலிந்தன் என்ற கிரேக்க மன்னனிடம் நாகசேனர் என்ற பிக்கு, சக்கரம், அச்சு, நுகம் என்று தேரின் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் காட்டி, ‘இதுவா தேர், இதுவா தேர்’ என்று உரையாடியதைப் பௌத்த நூல் பேசுகிறது. உறுப்புகள் கூடியவிடத்து ‘தேர்’ என்றொரு பெயர். அதுபோலவே மனிதனும் என்பது அவர் வாதம். ஆனால் அந்த உறுப்புகளைக் கூட்டிப் பூட்டும் பட்டறை எது என்பதைத் துருவிப் பார்க்கும் வேலை பிற்காலத்துக்கு விடப்பட்டிருந்தது.

பட்டறையைத் தேடிப் போனவர்களில் ஒருவர் சார்ல்ஸ் ஹார்ட்டன் கூலி. மிச்சிகன் பல்கலைக்கழகத்துச் சமூகவியல் ஆசிரியர். 1902 இல் அவர் எழுதிய நூலில் ஒரு கருத்தை நாட்டினார். நிலைக்கண்ணாடியில் முகம் பார்க்கிறோம். அதுபோலப் பிறர் உள்ளம் என்னும் கண்ணாடியில் நம்மையே பார்த்துக் கொள்கிறோம் என்றார். பிறர் கண்ணுக்கு நாம் எப்படித் தோன்றுகிறோம் என்று கற்பனை செய்கிறோம். அந்தத் தோற்றத்தை அவர் எப்படி எடை போடுகிறார் என்று கற்பனை செய்கிறோம். அந்த எடைக்கு ஏற்பப் பெருமிதமோ நாணமோ கொள்கிறோம். இம்மூன்றும் கூடியதே ‘நான்’ என்னும் உணர்வு என்பது கூலியின் முடிவு. இதில் கவனிக்க வேண்டிய சொல் ‘கற்பனை’. பிறர் நம்மை உண்மையிலேயே என்ன நினைக்கிறார் என்பதன்று. அவர் நினைப்பதாக நாம் நினைப்பதே நம்மை ஆக்குகிறது.

உவமைக்காகச் சொன்ன கண்ணாடி, பின்னாளில் சோதனைக் கூடத்துக்கே வந்தது. 1970 இல் கார்டன் கேலப் என்ற அறிஞர், சிம்பன்சிக் குரங்குகளின் எதிரே கண்ணாடியை வைத்தார். சில நாள் பழகிய பின், மயக்க மருந்து கொடுத்துப் புருவத்திலும் காதிலும் சிவப்புச் சாயத்தைத் தடவினார். மயக்கம் தெளிந்து கண்ணாடியைக் கண்ட குரங்குகள், கண்ணாடியிலுள்ள உருவத்தைத் தொடவில்லை. தம் புருவத்தைத் தொட்டுப் பார்த்தன. ‘அது நான்தான்’ என்று அவற்றுக்குத் தெரிந்திருந்தது. இதைவிட நம்மை வியக்க வைப்பது அடுத்த ஆண்டு வெளிவந்த செய்தி. பிறந்தது முதல் வேறு எந்தக் குரங்கின் துணையுமின்றித் தனிமையில் வளர்க்கப்பட்ட சிம்பன்சிகளுக்கும் அதே சோதனை வைத்தார். அவை தம்மை அடையாளம் காணவில்லை! கண் இருந்தது, கண்ணாடி இருந்தது, மூளை இருந்தது. மற்றொரு முகத்தோடு பழகிய வாழ்வு இல்லை. ஆகவே தன் முகமும் இல்லை. மனிதக் குழந்தைகள் ஒன்றரை வயதுக்கும் இரண்டு வயதுக்கும் இடையில் இந்தத் தேர்வில் தேறுகின்றன. அதுவரை தாய் முகமும் தமக்கை முகமும் பாட்டியின் முகமுமே அவற்றின் கண்ணாடிகள்.

கூலியின் கருத்தை மேலும் ஆழ உழுதவர் சிகாகோவில் ஆசிரியராயிருந்த ஜார்ஜ் ஹெர்பர்ட் மீட். வகுப்பில் பேசிப் பேசியே சிந்தித்தவர் அவர். தம் தத்துவத்தை ஒரு நூலாகத் தாமே எழுதி முடிக்கவில்லை. 1931 இல் அவர் மறைந்தார். மாணவர்கள் எடுத்து வைத்த குறிப்புகள் தொகுக்கப்பட்டு 1934 இல் நூலாயின. மீட் எதைக் கூர்ந்து பார்த்தார் தெரியுமா? குழந்தைகளின் விளையாட்டை!

நம் வீட்டு முற்றத்திலும் அதைக் காணலாம். கொட்டாங்கச்சியில் மண் சோறு பொங்கும் சிறுமி, பொம்மையை மடியில் கிடத்தி, “அழுதாயானால் அடி விழும்” என்கிறாள். யாருடைய குரல் அது? தாயின் குரல். அதட்டுபவளும் அவளே, அதட்டப்படுபவளும் அவளே. தாயாக நின்று தன்னைத்தானே பார்க்கக் கற்றுக் கொள்கிறாள். சில ஆண்டுகள் கழித்து அதே குழந்தை கூட்டு விளையாட்டுக்குப் போகிறது. மீட் காட்டிய எடுத்துக்காட்டு அவர் நாட்டுப் பந்தாட்டம். நமக்குச் சடுகுடு போதும். பாடிக் கொண்டு கோட்டைத் தாண்டுபவன், எதிரணியில் யார் காலைப் பிடிப்பான், யார் பின்னால் வளைப்பான் என்று எழுவர் மனத்தையும் ஒருசேரத் தன் மனத்தில் வைத்திருக்க வேண்டும். ஒரு தாயின் பார்வை போய், ஒரு களத்தின் பார்வை உள்ளே வந்து குடியேறுகிறது. களம் விரிந்து தெருவாகிறது, ஊராகிறது, உலகமாகிறது. ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்?’ என்று நம்மவர் சொல்வர் அல்லவா? அந்த நாலு பேர் யார் என்று எவரும் கண்டதில்லை. விலாசம் கேட்டால் கிடைக்காது. மீட் அந்த நாலு பேரைத்தான் ஆராய்ந்தார்.

நம் மொழியின் இலக்கணத்தில் இதற்கோர் ஒளி உண்டு. நான், நாம் என்று பேசுவோன் தன்னைச் சுட்டும் இடத்துக்குத் ‘தன்மை’ என்று பெயர். ஒருவரின் இயல்புக்கும் குணத்துக்கும் தமிழில் அதே சொல்! எதிரே நிற்பவர் ‘முன்னிலை’. முன்னிலையின்றித் தன்மை பிறக்காது என்பதே மீட் கண்ட முடிவு. ஆனால் அந்த முன்னிலைச் சொல் நம் நாட்டில் எல்லார்க்கும் ஒன்றாகவா இருந்தது? நீ, நீர், நீங்கள் என்று படிக்கட்டு; அதற்கும் கீழே, ‘ஏலே’ என்றும் ‘அடேய்’ என்றும் பாதாளப் படிகள். நரைத்த தலையோடு களத்துமேட்டில் நிற்கும் உழவனைப் பண்ணை வீட்டுப் பத்து வயதுச் சிறுவன் பெயர் சொல்லி, ‘டா’ சேர்த்து அழைத்த காட்சி, நம் பாட்டன்மார் காலத்தில் அன்றாடக் காட்சி; அடியோடு ஒழிந்துவிட்டது என்று இன்றும் சொல்வதற்கில்லை. அந்த ஒரெழுத்து என்ன செய்கிறது? கிழவனின் மானத்தை மட்டும் அறுக்கவில்லை. பக்கத்தில் தந்தையின் வேட்டியைப் பிடித்து நிற்கிறானே பேரனோ மகனோ, அவன் கண்ணெதிரே அவனுடைய நாளைய முகத்தை வரைந்து காட்டுகிறது. கூப்பிட்ட சிறுவனின் முகத்தையும் அதே எழுத்து வரைகிறது; அதைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

மராட்டியத்தில் ஒரு பள்ளி. ஒரு மாணவனுக்கு மட்டும் உட்காரத் தனியே ஒரு கோணித் துண்டு. அதையும் நாள்தோறும் வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டும். மற்றச் சிறுவர் தாகமெடுத்தால் குழாயைத் திறந்து குடிப்பர். அவன் தொடக்கூடாது, பணியாள் வந்து திறந்துவிட வேண்டும். பணியாள் வராத நாளில் தண்ணீர் இல்லை. அந்த மாணவன் பெயர் பீமராவ், பின்னாளில் அம்பேத்கர். தம் இளமை நினைவுகளில் அவரே எழுதி வைத்த செய்தி இது. பன்னிரண்டு மாதமும் படிப்பு நடந்த அப்பள்ளியில், கணக்கும் மொழியும் ஆசிரியர் கற்பித்தார். கோணித் துண்டு வேறொன்றைக் கற்பித்தது.

இதில் ஓர் அரிய தொடர்பு உண்டு. இதை இளைஞர்கள் அறிந்திருப்பது நல்லது. மீட்டை 1894 இல் தம்மோடு சிகாகோவுக்கு அழைத்துச் சென்றவர் ஜான் டூயி என்ற தத்துவப் பேராசிரியர். இருவரும் நெருங்கிய நண்பர்கள். ஒருவர் சிந்தனையில் மற்றவர் விளைந்தார். டூயி பின்னர் நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். 1913 இல் அங்கே படிக்கச் சென்ற அம்பேத்கர் டூயியின் வகுப்புகளில் அமர்ந்தார். மனிதன் பிறர் உறவில் ஆக்கப்படுகிறான் என்று பேசிய அந்த வகுப்பில், கோணித் துண்டில் ஆக்கப்பட இருந்த ஒருவர், மற்றவர்க்கு இணையான இருக்கையில் உட்கார்ந்திருந்தார். 1936 இல் எழுதிய சாதி ஒழிப்பு நூலில், தம் ஆசிரியர் டூயிக்குத் தாம் கடன்பட்டவர் என்பதை அவர் மறவாமல் குறித்துள்ளார்.

‘அதெல்லாம் பழங்கதை, இன்று யார் பார்க்கிறார்கள்?’ என்று கேட்கும் கனவான்களுக்காக ஒரு சோதனையைச் சொல்வோம். 2004 இல் வெளியிடப்பட்டது. செய்தவர்கள் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற ஆய்வாளர் இருவர். உத்தரப் பிரதேசத்து நாட்டுப்புறத்தில், ஆறாம் ஏழாம் வகுப்பு மாணவர்கள்: மேல்சாதியினர் 321 பேர், ஒடுக்கப்பட்டோர் 321 பேர். தாளில் வரைந்த புதிர்வழிகளில் கோடு போட்டு வெளியே வர வேண்டும். சரியாகச் செய்ததற்குக் காசு உண்டு. சாதியைச் சொல்லாமல் சோதனை நடத்தியபோது இரு சாராரின் திறனிலும் வேறுபாடில்லை. ‘திறமை, திறமை’ என்று முழங்குவோர் இந்த இடத்தில் சற்று நிற்கட்டும்! அடுத்து, மாணவரின் பெயர், ஊர், தந்தை பெயர், பாட்டன் பெயர், கடைசியில் சாதி, இவற்றை எல்லார் முன்னிலையிலும் உரக்கப் படித்துவிட்டுச் சோதனை நடத்தினர். ஒடுக்கப்பட்ட மாணவர்களின் திறன் அப்போது சரிந்தது. அதே கை, அதே கண், அதே மூளை. இடையில் வந்தது ஒரு சொல். அச்சொல்லோடு வந்தது ஊரின் கண்.

ஏன் சரிகிறது? உள்ளிருந்தே ஒருவன் தடுக்கிறான். வியன்னா நகரத்து மருத்துவர் சிக்மண்ட் ஃபிராய்டு 1923 இல் எழுதிய நூலில் அவனைப் படம் பிடித்துக் காட்டினார். பெற்றோரின் ஆணையும் அச்சுறுத்தலும் குழந்தையின் உள்ளத்தில் புகுந்து, அங்கேயே பீடம் போட்டுக் கொண்டு, காலமெல்லாம் அதட்டும் அதிகாரியாகிவிடுகின்றன என்றார். ஃபிராய்டு கூறிய பலவற்றைப் பின்வந்த உளநூலார் ஏற்கவில்லை. நாமும் எல்லாவற்றையும் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை. ஆனால் வெளியே நின்ற காவலாளி உள்ளே குடியேறுகிறான் என்ற அந்த ஒன்று, நாள்தோறும் நாம் காணும் உண்மை. படித்துப் பட்டம் பெற்ற பெண், கூட்டத்தில் எழுந்து பேச வாய் திறக்கும்போது, தடை சொல்பவர் அந்தக் கூட்டத்தில் எவரும் இல்லை. ‘பெண் பிள்ளை அடக்கமாயிரு’ என்ற குரல் முப்பது ஆண்டுகளுக்கு முந்தையது. சொன்னவர் மறைந்தும் போயிருப்பார். குரல் மறையவில்லை.

இங்கேதான் அறநெறிக் கேள்வி எழுகிறது, கடினமான கேள்வி. சமுதாயமே மனிதனை ஆக்குகிறது என்றால், கொடுமை செய்பவனும் அவ்வாறு ஆக்கப்பட்டவன்தானே? ‘டா’ போட்டு அழைத்த பண்ணை வீட்டுச் சிறுவன், அந்தச் சொல்லைத் தானாகவா கண்டுபிடித்தான்? அவனும் ஒரு கண்ணாடியின் முன் வளர்ந்தவன். அது உருவத்தைப் பெருக்கிக் காட்டும் கண்ணாடி. எதிரே வளைந்த முதுகுகளில் தன் உயரத்தை அளந்தவன். ஆகவே அவனைப் பழிக்கலாகாது என்று சிலர் வாதிடுவர். நம் அணியிலும் அப்படி எண்ணும் இளைஞர் உண்டு.

நம் கருத்து அதுவன்று. ஒருவன் எப்படி ஆக்கப்பட்டான் என்பது அவனை விளங்கிக் கொள்ள உதவும்; அவனுக்கு விடுதலைச் சீட்டு எழுதித் தராது. ஒரு கண்ணாடி மட்டுமே அவன் எதிரே இருந்த வரையில் அவன் அறியாதவன். ‘உன் கண்ணாடி பொய் சொல்கிறது’ என்று ஒருவர் சொன்ன நாள் முதல், அந்த உருவத்தைத் தொடர்ந்து போற்றுவது அவன் தேர்வு. தேர்வு என்றால் பொறுப்பு உண்டு. பத்து வயதில் மன்னிப்போம். பட்டப்படிப்புக்குப் பின்னும் அதே சொல் வாயில் வந்தால் அதற்கு வளர்ப்பைக் காரணம் காட்டுவது ஏமாற்று.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெருக்கிக் காட்டும் கண்ணாடியும் அதன் முன் நிற்பவனைக் கெடுக்கவே செய்கிறது. அதே ஆய்வாளர்கள் 2014 இல் வெளியிட்ட மற்றொரு கட்டுரையில், சாதிவாரியாகப் பிரித்து உட்கார வைத்துச் சோதித்தபோது, ஒடுக்கப்பட்ட மாணவரைப் போலவே மேல்சாதி மாணவரின் திறனும் குறைந்ததைக் காட்டியுள்ளனர். ‘நாம்தான் மேல் என்று தெரிந்துவிட்டதே, இனி எதற்கு உழைப்பது?’ என்று அந்த மூளை அயர்ந்து போனதோ என்று எண்ணத் தோன்றுகிறது. காரணம் எதுவாயினும், சாதி எவரையும் சும்மா விடுவதில்லை.

மற்றொரு கேள்வி இதைவிட ஆழமானது. எல்லாம் சமுதாயம் தந்ததே என்றால், அந்தச் சமுதாயத்தை எதிர்ப்பவன் எங்கிருந்து வருகிறான்? கண்ணாடி காட்டும் முகமே முகம் என்றால், கண்ணாடியை உடைக்க ஓங்கும் கை யாருடையது?

மீட் இதற்கு விடை தேடினார். நம்முள் இரு கூறுகள் என்றார். இதையும் நம் இலக்கணத்தாலேயே விளக்கலாம். ‘என்னை அடித்தார்கள், என்னைப் புகழ்ந்தார்கள், என்னை இப்படி இரு என்றார்கள்’ என இரண்டாம் வேற்றுமையில் நிற்கும் ‘என்னை’ ஒரு கூறு. ஊராரின் பார்வை எல்லாம் படிந்து கிடப்பது அங்கே. ‘நான் செய்தேன்’ என எழுவாயாக நிற்கும் ‘நான்’ மற்றொரு கூறு. அது, படிந்து கிடப்பதற்குப் பதில் சொல்வது. என்ன பதில் சொல்லும் என்று முன்கூட்டித் தனக்கே தெரியாதது. ‘என்னை’ இல்லாமல் ‘நான்’ பேச முடியாது. ஆனால் ‘நான்’ சொல்வதெல்லாம் ‘என்னை’ சொல்லிக் கொடுத்ததும் அன்று.

இவ்விளக்கம் முழுமையானது என்று நாம் கொள்ளவில்லை. அந்த ‘நான்’ சிலரிடம் சீறி எழுவதும் பலரிடம் சுருண்டு கிடப்பதும் ஏன் என்பதற்கு மீட்டிடம் தெளிவான விடை இல்லை. நமக்குத் தோன்றுவது இது: ஒற்றைக் கண்ணாடி உள்ளவனுக்கு எதிர்ப்பு தோன்றுவதில்லை, இரண்டாம் கண்ணாடி கிடைத்தவனுக்கே ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு. கறுப்பினத்துப் பேரறிஞர் டுபாய்ஸ் 1903 இல் எழுதிய நூலில், தம்மைத் தம் கண்ணாலும் தம்மை இகழ்வோர் கண்ணாலும் ஒரே நேரத்தில் பார்க்க நேரும் இரட்டை உணர்வைப் பற்றி எழுதினார். அது வேதனை; ஆனால் அந்த வேதனையில்தான் பார்வையும் பிறக்கிறது.

இதற்குக் கிளார்க் ஆய்விலேயே ஒரு சான்று கிடக்கிறது. பலரும் அதைக் கடந்து போய்விடுவர். தென்மாநிலத்தில் தனித்த பள்ளியில் படித்த கறுப்பினக் குழந்தைகளைவிட, வடக்கே வெள்ளையரோடு கலந்து படித்த குழந்தைகளே வெள்ளைப் பொம்மையை மிகுதியாக விரும்பினர்! கலந்து உட்கார வைத்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புவோர்க்கு இது கசப்பான செய்தி. தனித்து ஒதுக்கியது கொடுமை. அதில் ஐயமே இல்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954 மே 17 அன்று, பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று தீர்ப்பளித்தபோது, கிளார்க்கின் ஆய்வுரையும் அடிக்குறிப்பில் இடம் பெற்றது. ஆனால் ஒதுக்கப்பட்ட குழந்தைக்குத் தன் இனத்து ஆசிரியையின் கண் ஒரு கண்ணாடியாக இருந்திருக்கும். கலந்த வகுப்பில் அதுவும் போய், பகைவர் கண் மட்டுமே எஞ்சியிருக்கும். சேர்ந்து உட்காரும் பெஞ்சும் வேண்டும். அந்த வகுப்பில் அன்போடு பார்க்கும் கண்களும் வேண்டும். தீர்ப்புக்கு அரை நூற்றாண்டு கழித்து, 2005 இல், கிரி டேவிஸ் என்ற பள்ளி மாணவி அதே சோதனையைத் தம் குறும்படத்துக்காக நடத்தினார். 21 குழந்தைகளில் 15 பேர் வெள்ளைப் பொம்மையை விரும்பினர்.

இரண்டாம் கண்ணாடியை நாமே வார்க்கலாம்; வார்த்திருக்கிறார்கள். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னுள்ள சாதிப் பட்டத்தை விட்டொழிக்க வேண்டும் என்று தீர்மானித்தது. வெறும் எழுத்தை வெட்டுவதால் என்ன ஆகும் என்று ஏளனம் செய்தோர் அன்று இருந்தனர். உத்தரப் பிரதேசத்து வகுப்பறையில் ஒரு சொல்லை உரக்கப் படித்ததால் என்ன ஆயிற்று என்பதைப் பார்த்தோமே! அழைக்கும் சொல்லை மாற்றுவது, ஆக்கும் அச்சை மாற்றுவது. எரிக் எரிக்சன் என்ற உளநூல் மேதையும் வளர்ப்புத் தந்தையின் பெயரான ஹோம்பர்கரைப் பின்னுக்குத் தள்ளி, 1939 இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றபோது எரிக்சன் என்ற பெயரைத் தாமே சூட்டிக் கொண்டார். ‘நான் யார்’ என்று இளமையில் எழும் நெருக்கடியை உலகுக்கு விளக்கியவர் அவர்தாம்.

ஆயினும் நம் அணி இளைஞர்க்கு ஓர் எச்சரிக்கை சொல்லாமல் விடுவதற்கில்லை. கொடியும் முழக்கமும் கூட்டத்தின் கைத்தட்டலும் கூடக் கண்ணாடிகளே. மேடையில் நின்று ஆயிரம் கண்களில் தன் உருவைப் பெரிதாகக் காண்பவன், பண்ணை வீட்டுச் சிறுவன் பார்த்த அதே வகைக் கண்ணாடியில் பார்க்கிறான். தலைவர் சொன்னதைச் சொல்லி, தோழர் சிரித்தால் சிரித்து, அவர் சீறினால் சீறி, வீட்டுக்குத் திரும்பிய பின் தங்கையின் படிப்பை நிறுத்தும் தந்தையிடம் வாய் திறவாத இளைஞன் பகுத்தறிவாளன் ஆனானா, அல்லது ஒரு நாலு பேருக்குப் பதில் வேறொரு நாலு பேரை உள்ளே குடியேற்றிக் கொண்டானா? எழுவாய் ‘நான்’ எழுந்து நிற்கும் இடம் மாநாட்டுப் பந்தல் அன்று, அந்தத் தாழ்வாரம்தான்.

தமிழில் ‘நாங்கள்’ என்றொரு சொல், ‘நாம்’ என்றொரு சொல். முன்னது கேட்பவனை வெளியே நிறுத்தும். பின்னது அவனையும் உள்ளே அழைக்கும். பல மொழிகளில் இல்லாத நுட்பம் இது. நம்மவர் அதைப் பெருமையாகவும் பேசுவர். ஆனால் ‘நம் ஊர்’ என்று சொல்லும்போது சேரி அதில் அடங்குகிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஊர் வேறு, சேரி வேறு என்று வழக்கில் வைத்த நாட்டில், உளப்பாட்டுப் பன்மை இலக்கணப் புத்தகத்தில் மட்டுமே உளப்படுத்தியது.

1927 மார்ச் 20. மராட்டியத்தில் மகாட் என்ற ஊர். அங்கே சவதார் குளம். எவர்க்கும் உரியது என்று நகராட்சி தீர்மானம் போட்டும், ஒடுக்கப்பட்டோர் அணுக முடியாத குளம். அன்று ஆயிரக்கணக்கானோர் அணிவகுத்துச் சென்றனர். முன்னால் சென்ற அம்பேத்கர் குனிந்து நீரை அள்ளிக் குடித்தார். பள்ளிக் குழாயைத் தொடக் கூடாதென்று தடுக்கப்பட்ட அதே கை! பின்னால் வந்தவர்களும் குடித்தனர். தாகம் தீர்வதற்காக மட்டும் குடித்ததன்று. ஒருவர் குடிப்பதை மற்றவர் பார்த்தனர், தம்மைப் பிறர் பார்ப்பதையும் பார்த்தனர். அன்றே அவர்கள் மீது தடிகள் பாய்ந்தன. சில நாளில் சாணமும் கோமியமும் பாலும் தயிருமாகக் குடம் குடமாகக் கொட்டிக் குளத்துக்குத் தீட்டுக் கழித்தனர் மேல்சாதியார், வழக்கும் தொடுத்தனர். அந்தக் குளத்தில் குடிக்க ஒடுக்கப்பட்டோர்க்கு உரிமை உண்டு என்று பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1937 இல். நடுவில் பத்தாண்டு. அந்தப் பத்தாண்டும் குடித்தவர்கள் குடித்தவர்களாகவே இருந்தனர். பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொண்டிருந்தனர்.